'ஆராய்க' என்று போட்டால் ஆராய்ச்சிக் கேள்வி ஆகிவிடாது

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் காலாண்டுத் தேர்வுக்குத் தயாரித்த அறிவியல் வினாத்தாள்களைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார்கள். படிக்கப் படிக்க, பதினைந்து வருடம் முன்பு நான் எடுத்த வினாத்தாளே கண்முன் வந்தது. எழுத்துப் பிழை, மதிப்பெண் கூட்டல் பிழையெல்லாம் யார் கண்ணிலாவது பட்டுவிடும். யார் கண்ணிலும் படாத தவறுகளைச் சொல்கிறேன்.

வினைச்சொல்லைப் பார்த்துச் சிந்தனை நிலையை முடிவு செய்வது

பி.எட்.டில் எல்லோரும் படித்ததுதான். அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் குழு 1956-ல் வகுத்து, 2001-ல் திருத்தப்பட்ட சிந்தனையின் ஆறு நிலைகள்: நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். 'வரையறு' என்றால் முதல் படி, 'ஆராய்க' என்றால் நான்காம் படி என்று ஒரு பட்டியலும் கூடவே வரும். எந்த நிலைக்கு எத்தனை மதிப்பெண் என்று காட்டும் ப்ளூ பிரிண்ட்டை அதை வைத்தே நிரப்பிவிடுகிறோம்.

நானும் "மலைப்பகுதியில் திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாவது ஏன்? ஆராய்க" என்று கேட்டு, உயர்நிலைச் சிந்தனைக் கட்டத்தில் 5 மதிப்பெண் போட்டேன். திருத்தும்போது பத்தாவது தாளில் கை நின்றது. 'வளிமண்டளம்'. முன்பு திருத்தியவற்றைப் புரட்டினால் அங்கேயும் அதே 'ள'. 38 தாள்களில் 31-ல் அந்தப் பிழை. வகுப்பில் அவசரமாக நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட விடையிலிருந்து போனது அது. பிள்ளைகள் எதையும் ஆராயவில்லை. பலகையை அப்படியே ஒப்பித்திருந்தார்கள்.

விடையை முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டால் 'ஏன்', 'ஆராய்க', 'மதிப்பிடுக' எதைப் போட்டாலும் அது நினைவுகூர்தல்தான். மாணவர் முன்பு என்ன படித்திருக்கிறார் என்பதை வைத்துத்தான் வினாவின் நிலையைச் சொல்ல முடியும் என்று புளூம் குழுவின் 1956 நூலே சொல்கிறது. பட்டியலை நகலெடுத்தவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டார்கள். இன்றும் எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

அடுத்த தேர்வில் இப்படிக் கேட்டேன்: "மூன்று ஊர்களில் தண்ணீர் 100, 97, 93 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. எது ஊட்டியாக இருக்கும்? அங்கே தீயைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகுமா?" கைடில் இது கிடையாது. வழக்கமாக முழு மதிப்பெண் வாங்கும் சிலர் ஒரு வரிகூட எழுதவில்லை. நாற்பது மதிப்பெண்ணைத் தாண்டாத ஒரு பெண், "தீயைக் கூட்டினா தண்ணிதான் சீக்கிரம் வத்தும், சூடு 93-லயே நிக்கும்" என்று எழுதியிருந்தாள். அத்தனை நாளும் அவளைச் சுமாரான மாணவியாக்கி வைத்திருந்தது என் கேள்விகள்.

விடைக்குறிப்பில் புத்தக வரியை மட்டும் ஏற்பது

அந்தப் பெண்ணின் விடையில் 'வளிமண்டல அழுத்தம்' என்ற சொல்லே இல்லை. புத்தக வரியைத் தேடித் திருத்துகிறவர் அவளுக்குப் பூஜ்யம் போட்டிருப்பார். சொந்த வார்த்தையில் வரக்கூடிய இரண்டு மூன்று விடைகளையும் குறிப்பிலேயே எழுதி வையுங்கள்.

கடினமான கேள்வியெல்லாம் சிந்தனைக் கேள்வி என்பது

தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்த ஆண்டு 1010. பலருக்கு மறந்துபோகும். ஆனாலும் முதல் படிதான்.

ஒரு மதிப்பெண் என்றாலே மனப்பாடம் என்பது

ஊட்டிக் கேள்வியை நான்கு விடைகளோடு கொடுத்துப் பாருங்கள்.

மனப்பாடக் கேள்வியே கூடாது என்பது

கொதிநிலை என்றால் என்னவென்று தெரியாமல் 93-ஐ வைத்து யோசிக்க முடியாது.

அந்த இரண்டு வினாத்தாள்களிலும் ஒவ்வொரு 'ஆராய்க' கேள்விக்குப் பக்கத்திலும், அதன் விடை வரிக்கு வரி இருக்கும் பாடநூல் பக்க எண்ணைப் பென்சிலால் குறித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.