மலை ஏறும் முன்பே சிம்மை முடித்துக்கொள்ளுங்கள்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் நீலகிரிக்குக் கிளம்பும் உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி சிம் நல்லது?" என்பதுதான். மதுரைக்கோ சென்னைக்கோ போகிறவர்களுக்கு ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். மலைக்குப் போகிறவர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும்: நான் தங்கப்போகும் வீட்டின் அடுப்படியில் எந்தக் கம்பெனிக்கு டவர் கிடைக்கிறது?

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கிறது என் சின்னம்மா வீடு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். முன்வாசலில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் நான்கு கோடு காட்டும். நடுவீட்டுக்குள் வந்தால் ஒன்றும் இருக்காது. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் வேறொரு நிறுவனம் கிடைக்கும். "டவர் வேண்டுமா தம்பி, கல்லுக்குப் போ" என்பார் சின்னம்மா. அந்தக் கல்லின்மேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து, அதில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருப்பார்கள். மணி அடித்தால் யாராவது ஓடுவார்கள்.

காரணம் எளியது. கைப்பேசி அலை மலையைத் துளைத்து வராது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவின் ஒரு பக்கம் நிற்பவருக்கு மறுபக்கத்து டவரால் பயனில்லை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் மேட்டின் விளிம்பில் ஓரளவு வளைந்து வரும். உயர்ந்தவை அவ்வளவு வருவதில்லை. ஆகவே ஊட்டி சேரிங் கிராஸில் அருமையாகக் கிடைக்கும் இணைப்பு, மஞ்சூர் பக்கம் ஒரு வளைவு திரும்பியதும் போய்விடலாம். நிறுவனங்களின் இணையதளங்களில் சிக்னல் வரைபடம் இருக்கிறது. அதைப் பாருங்கள், ஆனால் வீட்டாரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவை நான்கு: ஜியோ, ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா), பி.எஸ்.என்.எல். ஜியோவில் 4ஜி, 5ஜி மட்டுமே உண்டு. பழைய 2ஜி கிடையாது. மற்ற மூன்றிலும் 2ஜி இருப்பதால் சாதாரண பொத்தான் கைப்பேசியும் பேசும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. அப்போது ஜியோவில் நாளுக்கு 2 ஜிபி, 28 நாளுக்கு 349 ரூபாய் என்றும், ஏர்டெல்லில் நாளுக்கு 2 ஜிபி, ஒரு மாதத்திற்கு 379 ரூபாய் என்றும் வைத்தார்கள். இந்தியா முழுவதும் பேசுவது அதற்குள்ளேயே அடங்கும். பி.எஸ்.என்.எல். அப்போது உயர்த்தவில்லை; 2025 செப்டம்பரில் அதன் உள்நாட்டு 4ஜி சேவையும் முறைப்படி தொடங்கிவிட்டது. கனடாவின் பெரிய நிறுவனங்கள் ஒரு நாள் ரோமிங்குக்கே 10 டாலருக்கு மேல் வாங்கும்போது, இங்கே இரண்டு கம்பெனி சிம்மும் வாங்கிக்கொள்வது ஒரு செலவே அல்ல. நான் அப்படித்தான் செய்கிறேன்: வீட்டில் கிடைப்பது ஒன்று, சாலையில் கிடைப்பது ஒன்று.

வாங்க வேண்டிய இடம் கோயம்புத்தூர். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதையும், விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டையையும், உள்ளூர் முகவரியையும், உள்ளூர்க்காரர் ஒருவரின் கைப்பேசி எண்ணையும் கையில் வைத்திருங்கள். அந்த எண்ணுக்கு ஓடிபி வரும். அவர் அழைப்பை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். சிம் உயிர்பெற ஒரு நாள்கூட ஆகலாம். நான் முதல்முறை வந்தபோது சிம்மை வாங்கிய கையோடு பஸ் ஏறிவிட்டேன். சரிபார்ப்பு முடிவதற்குள் டவர் இல்லாத சரிவுக்குப் போய்விட்டேன். மூன்று நாள் அந்த எண் செத்துக் கிடந்தது. டொராண்டோவில் என் மனைவி என்ன ஆனதோ என்று தவித்துப்போனாள். அதனால் சொல்கிறேன், கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ ஓர் இரவு தங்க நேர்ந்தாலும் தங்குங்கள். சிம்மிலிருந்து ஓர் அழைப்பு பேசிப் பார்த்த பிறகு மலை ஏறுங்கள்.

கைப்பேசி வேறு நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருந்தால், நீங்கள் இருக்கும் நாட்டிலேயே திறந்துகொண்டு வாருங்கள். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் சிம் செருகும் இடமே இல்லை. கடையில் இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் கைப்பேசியிலேயே ஏற்றிக்கொள்ளும் சிம், கேட்க வேண்டும். இணையத்தில் விற்கும் பயண இ-சிம்களில் பெரும்பாலானவை டேட்டா மட்டுமே தரும். இந்திய எண் இருக்காது, ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் இங்கே பல வேலைகள் நின்றுபோகும்.

இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதியான இ-பாஸ் அதில் ஒன்று. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு அது கட்டாயம். இந்திய எண்ணில் பதியலாம், வெளிநாட்டவர் மின்னஞ்சலில் பதியலாம். கீழேயே எடுத்து, படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் நின்று சிக்னல் தேடாதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை.

தங்கும் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கைப்பேசி அமைப்பில் வைஃபை அழைப்பை இயக்கிவிட்டால், டவரே இல்லாத அறையிலும் வழக்கமான எண்ணிலேயே பேசலாம். வயதான பெற்றோரின் கைப்பேசியிலும் இதை இயக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் சின்னம்மாவுக்குச் செய்து கொடுத்தேன். ஆனால் தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் நீண்ட நேரம் நின்றால், வீட்டு இணைப்பும் போகும், பேட்டரி தீர்ந்த டவரும் போகும். மழைக்காலத்தில் வருகிறவர்கள் பவர் பேங்க் இல்லாமல் வர வேண்டாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் கைப்பேசி கேரள டவரைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் குறுஞ்செய்தி வரலாம். பயப்பட வேண்டாம், மாநிலம் மாறியதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அவசரத்துக்கு 112-ஐ அழையுங்கள். உங்கள் நிறுவனத்துக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறெந்த நிறுவனத்தின் டவராவது எட்டினால் அந்த அழைப்பு போகும்.

திரும்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் 90 நாள் கிடந்தால் நிறுவனம் எண்ணைத் துண்டித்து, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கிலோ வாட்ஸ்அப்பிலோ அந்த எண்ணைக் கொடுத்திருந்தால், விமானம் ஏறும் முன்பே மாற்றிவிடுங்கள்.