பிட்காயின் நோடுகள் உண்மையில் எந்த ஊரில் இருக்கின்றன? காரைக்குடியிலிருந்து அளந்து பார்க்கும் முறை

பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தை இயக்கும் கணினி வலைப்பின்னல் உலகில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அதன் கணினிகளான நோடுகளை எண்ணிக் காட்டும் பிட்நோட்ஸ் தளத்தின் வரைபடத்தைக் காட்டுவதே வழக்கம். அமெரிக்காவும் ஐரோப்பாவும் புள்ளிகளால் நிறைந்திருக்க, நம் பக்கம் வெறிச்சோடிக் கிடப்பதுபோலத் தோன்றும். அந்தப் படம் பொய்யில்லை. ஆனால் அது எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும். வீட்டுக் கணினி ஒன்றை வைத்துக்கொண்டே அதைச் சரிபார்க்கவும் முடியும். நாணயம் எதையும் வாங்கத் தேவையில்லை.

படி 1: நோடு எது என்று பிரித்தறிதல்

நோடு என்பது, 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய பிட்காயின் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து தானே சரிபார்த்து, புதிதாக வரும் ஒவ்வொரு பதிவையும் விதிப்படி சோதிக்கும் கணினி. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த நகரத்தார், கணக்கை ஊரிலிருந்த முதலாளிக்கு அனுப்பினார்கள். இங்கே முதலாளி வீடு என்று ஒன்று கிடையாது, எல்லாப் பேரேடும் சம மதிப்புடையவை. மைனிங் வேறு வேலை: புதிய பதிவுகளைத் தொகுத்துப் பேரேட்டில் சேர்த்து, அதற்குப் பிட்காயினைப் பரிசாகப் பெறும் போட்டி. 2021-இல் சீனா மைனிங்குக்குத் தடை விதித்தபோது நாடு மாறியவை மைனிங் இயந்திரங்கள். அந்தச் செய்தியை நோடு வரைபடத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: எண்ணும் முறையை அறிதல்

பிட்நோட்ஸ் நிரல் ஒரு நோடுக்குப் போய் “உனக்குத் தெரிந்த முகவரிகளைக் கொடு” என்று கேட்டு, கிடைத்த ஒவ்வொரு முகவரியின் கதவையும் தட்டிப் பார்க்கிறது. கதவு திறந்தால்தான் அந்த நோடு கணக்கில் சேரும். வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்காத வீட்டு நோடுகள் முறையாக வேலை செய்தாலும் வரைபடத்தில் இடம்பெறுவதில்லை. நம் ஊர் வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பல வீடுகள் பகிர்ந்துகொள்வதால், இங்குள்ள நோடு கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம். இருப்பிடத்தை மறைக்கும் டோர் வலைப்பின்னல் வழியாக இயங்குபவை எண்ணிக்கையில் சேரும், ஆனால் அவற்றுக்கு நாடு தெரியாது.

படி 3: நாட்டின் பெயருக்குப் பின்னால் பார்த்தல்

பின்லாந்து போன்ற சிறிய நாடு பிட்நோட்ஸின் நாடுகள் பட்டியலில் முன்னே நிற்பதைப் பார்த்து வியப்பவர்கள், அடுத்ததாக நோடுகள் எந்தெந்த நிறுவனங்களின் இணைப்பில் இருக்கின்றன என்ற பட்டியலையும் பார்க்க வேண்டும். ஹெட்ஸ்னர் என்ற ஜெர்மானிய நிறுவனத்துக்கு ஜெர்மனியிலும் பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் வாடகைச் சர்வர் கூடங்கள் உள்ளன. அந்தக் காலத்துச் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்: ஒரே கூரையின் கீழ், ஆளுக்கொரு பெட்டியும் அலமாரியுமாகப் பல கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், கடிதம் எல்லாம் ஒரே கதவு எண்ணுக்கு வரும், உரிமையாளர்களோ செட்டிநாட்டில் வெவ்வேறு ஊர்க்காரர்கள். சர்வர் கூடமும் அப்படித்தான். நோடு ஹெல்சிங்கியில் இருப்பதால் அதை நடத்துபவரும் அங்கே இருக்கிறார் என்று ஆகாது.

படி 4: நாமே அளத்தல்

நோடாக இயங்கும் பிட்காயின் கோர் மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவுங்கள். முதல் திரையிலேயே சேமிப்பு அளவைக் குறைக்கும் தேர்வைச் செய்துகொள்ளலாம். ஆனாலும் முழுச் சரிபார்ப்புக்கு 600 ஜிபிக்கும் மேல் இறங்கும். நோடைத் தொடர்ந்து நடத்த விரும்பினால் யுபிஎஸ் அவசியம். மின்வெட்டில் சட்டென்று அணைந்தால் தரவு பழுதாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்க நேரலாம். இப்போதைய சோதனைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை, சில நிமிடங்களிலேயே இணைப்புகள் வந்துவிடும்.

‘விண்டோ’ பட்டியலில் ‘பியர்ஸ்’ பகுதியைத் திறங்கள். வழக்கமாக நம் கணினி தானே தேடிப் போய் 10 நோடுகளுடன் இணைந்திருக்கும். ஒரு வரிசையைச் சொடுக்கினால், அந்த நோடின் முகவரியுடன் ‘மின் பிங்’ (Min Ping) என்ற எண்ணும் தெரியும்: செய்தி போய்த் திரும்ப எடுத்த மிகக் குறைந்த நேரம், மில்லி விநாடியில்.

இந்த எண்தான் நம் அளவுகோல். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடும்; போகவும் வரவும் என்பதால், பிங் எண்ணை நூறால் பெருக்கினால் அந்த நோடு அதிகபட்சம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்க முடியும் என்பது கிடைக்கும். காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ஆகவே 30-க்குக் குறைவான பிங் காட்டும் நோடு சிங்கப்பூரில் இருக்கவே முடியாது. ஐபி முகவரியின் ஊரைச் சொல்லும் தளம் ஒன்று “அமெரிக்கா” என்று சொல்லி, இங்கே பிங் 45 என்று காட்டினால், நோடு 4,500 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது, தளத்தின் பதிவே தவறு. ஆனால் பிங் அதிகமாக இருப்பதை வைத்து நோடு தொலைவில் இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. கடலடிக் கேபிள் சுற்றிப் போயிருக்கலாம், எதிர்முனைக் கணினி மெதுவாக இருக்கலாம்.

படி 5: குறித்துவைத்தல்

குறிப்பேட்டில் முகவரி, தளம் சொல்லும் நாடு, பிங், அதிகபட்சத் தொலைவு என்று நான்கு பத்திகள் போட்டு ஒரு வாரம் குறித்து வாருங்கள். இந்தப் பத்து நோடுகளை வைத்து உலகக் கணக்குப் போட வேண்டாம். தாக்குதலுக்கு அஞ்சி, வெவ்வேறு முகவரித் தொகுதிகளிலிருந்தே நோடுகளைத் தேர்ந்தெடுக்கும்படி மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. ‘ஆனியன்’ என்று முடியும் டோர் முகவரி வந்தால், அதன் பிங் பல நாடுகளைச் சுற்றி வந்த எண் என்பதால், நாட்டுக்கான பத்தியை வெறுமையாகவே விட்டுவிடுங்கள்.