பிரியாணி விற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்ப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நல்ல காரியத்துக்குப் பணம் வேண்டுமென்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது பிரியாணிதான். கோயில் கூரை ஒழுகினாலும் பிரியாணி, கால்பந்துக் குழுவுக்குச் சட்டை வேண்டுமென்றாலும் பிரியாணி. டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் பெண்கள் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்காக நாங்கள் பணம் சேர்க்கும் முறையை எழுதித் தரும்படி சிலர் கேட்டார்கள். சமையல் பக்குவத்தை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது எங்கள் சின்னம்மாவுக்குத்தான் தெரியும், அவர் சொல்லவும் மாட்டார்.

சட்டிக்கு வாடகை பேசுவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். தலைமையாசிரியரை மட்டும் பார்த்தால் போதாது, நிர்வாகக் குழுவில் உள்ள பெற்றோர் ஒருவரையும் உட்கார வையுங்கள். என்ன வேண்டும் என்று கேட்டால், மரியாதைக்கு, "எது கொடுத்தாலும் சரி" என்பார்கள். அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். "ஜனவரியில் பள்ளி திறந்தால் முதலில் எது தீர்ந்துபோகும்? மழை இல்லாத மாதத்தில் தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அப்போதுதான் பேச்சு வரும்.

பேச்சு பெரும்பாலும் ஜோஜோ டேங்கில், அதாவது மழைநீர் பிடிக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில்தான் வந்து நிற்கும். வாங்கித் தருகிறோம் என்று உடனே வாக்குக் கொடுத்துவிடாமல் வெளியே வந்து கூரையை அண்ணாந்து பாருங்கள். மழைநீரை இறக்கும் தகரக் காடி இருக்கிறதா? இருந்தால் துருப்பிடித்துத் தொங்குகிறதா? டேங்க் உட்கார சமமான சிமென்ட் மேடை உண்டா? 5000 லிட்டர் டேங்க் நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டும் 5 டன். வெறும் மண்ணில் வைத்தால் ஒரு பக்கம் அமுங்கி, குழாய் இணைப்பு விட்டுவிடும். ஆகவே காடி, மேடை, குழாய், ஆள்கூலி எல்லாம் சேர்ந்ததுதான் டேங்கின் விலை. அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

புத்தகம் கேட்டால் எந்த மொழியில் என்று கேளுங்கள். எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்துக் கிராமங்களில் பெரும்பாலான பள்ளிகளில் மூன்றாம் வகுப்புவரை ஜூலுவில்தான் பாடம், நாலாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுவதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. நம் வீட்டு அலமாரியிலிருந்து இறக்கிய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் அங்கே பெட்டியைவிட்டு வெளியே வராது. பல நாடுகளில் நடக்கும் பிர்ல்ஸ் வாசிப்பு ஆய்வில், 2021இல், இந்த நாட்டு நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் படித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை. அந்தத் தேர்வும் பிள்ளைகள் பள்ளியில் படித்துவந்த மொழியில்தான் நடந்தது. சின்னச் சின்ன ஜூலு கதைப் புத்தகம்தான் அவர்களுக்கு வேண்டியது. 'ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்' தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அச்சுக்கூலி மட்டும் உங்கள் பொறுப்பு.

சரி, இப்போது சட்டிக்கு வருவோம். எங்கள் கணக்கு 1 கிலோ அரிசிக்கு 10 டப்பா. கோழி, உருளைக்கிழங்கு, தோலோடு முழு மசூர்ப் பருப்பு எல்லாம் சேர்ந்து டப்பா நிறைய வரும். தொட்டுக்கொள்ளத் தயிர் தனியாக. எடுத்துக்காட்டுக்கு, டிக்கெட் 70 ரேண்டு, ஒரு டப்பாவுக்குச் செலவு 40 என்றால், 200 டப்பாவில் 6000 ரேண்டு நிற்கும். இதில் முக்கியமானது ஒன்றுதான்: விற்ற டிக்கெட்டுக்கு மட்டும் சமையுங்கள். "அன்றைக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லும் மாமாவை நம்பி ஒரு கிலோ அரிசிகூடச் சேர்க்காதீர்கள். புதன்கிழமை இரவோடு டிக்கெட்டை மூடுங்கள், வியாழன் சாமான் வாங்குங்கள், சனி காலை விறகு மூட்டுங்கள். எண்ணெய், அரிசி, டப்பா ஆகிய மூன்றையும் யாராவது கடைக்காரர் இனாமாகத் தந்தால் லாபம் வேறு மாதிரி ஆகிவிடும். காசு கேட்டால் முகம் சுளிப்பவர்கள்கூட அரிசி மூட்டை கேட்டால் தருகிறார்கள். ஏனென்று தெரியவில்லை, ஆனால் தருகிறார்கள்.

நாள் பார்ப்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். பலருக்கு 25ஆம் தேதி சம்பளம், அதை ஒட்டி வரும் சனிக்கிழமை நல்லது. ஜனவரியில் எவர் கையிலும் காசு இருக்காது, பள்ளிச் சீருடைக்கே போதாது. புரட்டாசியில் கோழிச் சட்டி வைத்தால் பாதி வீடுகளில் டிக்கெட் போகாது, அந்த மாதம் சோயா போட்ட சைவப் பிரியாணி. மற்ற மாதங்களில் கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள், பக்கத்துத் தெரு முஸ்லிம் குடும்பங்களும் வாங்குவார்கள். மாட்டிறைச்சி பேச்சே வேண்டாம். டேங்குக்காக என்றால் நான் ஜூலையைச் சொல்வேன். 18ஆம் தேதி மண்டேலா தினம், அன்று 67 நிமிடம் பிறருக்காக உழைப்பது இங்கே வழக்கம், அதற்கு வழி தேடிக்கொண்டு கம்பெனிகளே அலையும் நேரம். ஒரே ஆர்டரில் 50 டப்பா போகும். அப்போது சேர்த்தால் அக்டோபர் மழைக்குள் டேங்க் ஏறிவிடும்.

டிக்கெட் வாங்கியவர் வரிக்கழிவுக்குச் சான்றிதழ் கேட்பார். கிடையாது. காசுக்குச் சாப்பாடு வாங்கினால் அது நன்கொடை ஆகாது. எதையும் எதிர்பார்க்காமல் கொடுத்தவருக்குத்தான் வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுச் சான்றிதழ், அதுவும் அதற்கு வரித்துறை அங்கீகாரம் பெற்ற அமைப்பு கொடுத்தால்தான். உங்கள் குழுவுக்கு அது இல்லாவிட்டால், அங்கீகாரம் உள்ள பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ அவர் நேராகவே பணம் போடட்டும். 2023 மார்ச் முதல் சான்றிதழில் கொடுத்தவருடைய அடையாள எண், வரி எண் இருந்தால் அதுவும் வரவேண்டும், பணம் வாங்கும்போதே கேட்டு வைத்துவிடுங்கள். குலுக்கல் சீட்டு போடுவதாக யாராவது ஆரம்பித்தால், 1997 லாட்டரிச் சட்டத்தில் அதற்கும் விதிகள் உண்டு, விசாரித்துவிட்டுச் சீட்டை அச்சடியுங்கள்.

சேர்ந்த பணத்தை ரொக்கமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். நல்ல மனிதர், கெட்ட மனிதர் என்ற பேச்சே இதில் இல்லை, ரொக்கம் என்றாலே ஊரில் பேச்சு வரும். டேங்க் என்றால் கடைக்காரருக்கு நேராகக் கட்டிப் பள்ளி பெயரில் ரசீது வாங்குங்கள். பணமாகவே தருவதென்றால் பள்ளி நிதிக் கணக்கில் போடுங்கள். அந்தக் கணக்கை நிர்வாகக் குழுதான் நடத்தவேண்டும் என்பது 1996 பள்ளிச் சட்டம். அக்கறையுள்ள எவரும் வரவுசெலவைப் பார்க்கக் கேட்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது, கேட்கக் கூச்சப்படாதீர்கள். கரும்புத் தோட்டக் காலத்தில் எங்கள் பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டியபோதும், ஊரார் காசு போட, அரசு ஒரு பங்கு கொடுத்தது. கணக்கு சுத்தமாக இல்லாமல் அந்தப் பங்கு வந்திருக்குமா?

அப்புறம் டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கக் கணக்கு அனுப்புங்கள்: வரவு, செலவு, மிச்சம், கடை ரசீதின் படம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பரிசுப் பொருளைக் கொடுத்துப் படம் எடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, பெற்றோர் சம்மதம் இல்லாமல் அதை அனுப்பவும் கூடாது. மேடைமேல் நிற்கும் டேங்கும், அதற்கு இறங்கும் காடியும் படத்தில் தெரிந்தால் போதும். அடுத்த டிக்கெட் புத்தகத்தை அதே செய்தியின் கீழேயே விற்க ஆரம்பித்துவிடலாம்.