உதவித்தொகைப் பணம் கூரைக்குப் போகும்போது

மருத்துவ உதவி, கல்வி உதவி, வழிபாடு மூன்றையும் ஒரே அறக்கட்டளை நடத்தும்போது, திருட்டைவிடப் பெரிய தலைவலி கைமாற்று. மாணவர் உதவித்தொகைக்கு வந்த பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது, வழிபாட்டுக் கூடத்தின் கூரையோ ஒழுகுகிறது. 'அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம்' என்று எடுக்கிறார்கள். எடுப்பவர் எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் கல்விக் கட்டணம் கட்டும் நாளில் கணக்கு காலி.

இன்ன காரியத்துக்கு என்று சொல்லிக் கொடுத்த பணத்தை, குழு கூடித் தீர்மானம் போட்டுவிட்டதாலேயே வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. கொடுத்தவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். 'தேவைக்கு மேல் சேரும் தொகை இதே பிரிவின் மற்றப் பணிகளுக்குச் செல்லும்' என்று நன்கொடை கேட்கும் அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்திருந்தால் பாதிச் சிக்கல் வராது.

இதற்காக மூன்று வங்கிக் கணக்கு திறக்க வேண்டியதில்லை. ரசீதில் நோக்கம் எழுத ஓர் இடம், பேரேட்டில் நோக்கத்துக்கு ஒரு பக்கம், மாதக் கடைசியில் ஒரு கூட்டல் போதும். உதவித்தொகை 60,000, மருத்துவம் 25,000, நோக்கம் சொல்லாமல் வந்த பொது நிதி 15,000 என்று பேரேடு காட்டினால் வங்கியில் 1,00,000 இருக்க வேண்டும். 82,000தான் இருக்கிறதென்றால், பொது நிதி முழுதும் கரைந்து, தொடக்கூடாத 85,000இலும் 3,000 போய்விட்டது என்று பொருள். இதை வருடக் கடைசியில் தணிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொள்வது தாமதம்.

உண்டியலை உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணி, அங்கேயே கையெழுத்திட வேண்டும். எண்ணியவரே பேரேடு எழுதக் கூடாது. அதிலிருந்து பூ வாங்கினோம், ஆட்டோவுக்குக் கொடுத்தோம் என்று கழிக்காமல் முழுத் தொகையையும் வங்கியில் கட்டிவிட்டு, செலவைத் தனியாக எழுதுங்கள்.

'எங்களுக்கு நிர்வாகச் செலவே கிடையாது' என்ற பெருமையும் ஆபத்து. கணக்காளர் சம்பளம் மருந்துச் செலவுக்குள் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். அவர் எந்தப் பிரிவுக்கு எத்தனை மணி நேரம் உழைத்தார் என்று பார்த்து, அந்த விகிதத்தில் பிரித்து எழுதுவதே நேர்மை.

பொருளாக வருவதற்கு 'வேண்டாம்' என்று சொல்லப் பலருக்கும் கூச்சம். மருந்து நன்கொடைக்கு உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நாடு விட்டு நாடு வரும் மருந்து, வந்து சேரும்போது பொதுவாக ஓராண்டாவது காலாவதிக்கு மீதம் வைத்திருக்க வேண்டும். நோயாளிகள் திருப்பித் தந்த மிச்ச மருந்தும் இலவச மாதிரிகளும் கூடாது. வாங்கி வைத்துக் காலாவதியானால், முறையாக அழிக்கும் செலவு உங்கள் தலையில்.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் பேரிடர் நிவாரணத்துக்காக 1994இல் வெளியிட்ட நடத்தை விதிகள், உதவியை மதக் கருத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது என்கின்றன. அன்றாடப் பணிக்கும் அது பொருந்தும். பிரார்த்தனை முடிந்த பிறகுதான் மருந்துச் சீட்டு என்றால், உடம்பு முடியாதவரால் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா? இடத்தையும் நேரத்தையும் பிரித்து வையுங்கள். மருந்து கொடுக்கும் மேசையில் உண்டியலும் வேண்டாம். வாங்குபவருக்கு அது மருந்தின் விலையாகத் தெரியும். அதில் விழும் காசைப் பேரேட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று உங்களுக்கும் தெரியாது.