தனியாகப் பொருந்தும், சேர்த்தால் இடிக்கும்: பைக் ஆக்சஸரி மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று ஆக்சஸரியின் பெட்டியில் போட்டிருந்தால், கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் பைக்கில் பொருந்தும் என்றுதான் அர்த்தம். நீங்கள் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கிராஷ் கார்டோடும், ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசரோடும் ஒத்துப்போகுமா என்பது அதைச் செய்தவருக்குத் தெரியாது, அவர் அளவெடுத்த பைக்கில் அவை இல்லை. அதனால் வாங்குவதற்கு முன்பே அது எந்த போல்ட் ஓட்டையில் உட்காரும், அந்த ஓட்டையை இப்போது எது பிடித்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பக்கவாட்டுப் பையைத் தாங்கும் கம்பியான சாடில் ஸ்டேயும் பின் ரேக்கும் ஒரே ஓட்டைக்குப் போட்டி போடுவது சாதாரணம்.

பலரும் செய்கிற தவறு, முதல் போல்ட்டையே முழுசாக முறுக்கிவிடுவது. மூன்று போல்ட் இறுகியபின் நான்காவது ஓட்டை 3, 4 மி.மீ. தள்ளி நிற்கும், உடனே கை சுத்தியலுக்கோ அரத்துக்கோ போகும். நானும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஒரு பிராக்கெட்டின் ஓட்டையை ராவிப் பெரிதாக்கினேன், அப்புறம் பழைய கிராஷ் கார்டைத் தளர்த்திப் பார்த்தால் ராவியதற்கு வேலையே இல்லாமல் தானாக வந்து உட்கார்ந்தது. எல்லா போல்ட்டையும் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றி, ஆட்டிச் சரிசெய்து, கடைசியில் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சஸரியையும் சேர்த்துத்தான் தளர்த்த வேண்டும். எஞ்சினைத் தாங்கும் போல்ட் மட்டும் விதிவிலக்கு: அடியில் ஜாக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள்.

இடைவெளி வேண்டுமென்று ஐந்தாறு வாஷரை அடுக்கி வைக்கிறார்கள். அதிர்வில் அவை ஒவ்வொன்றாக நழுவும், போல்ட் வளையும். ஒரே துண்டாகக் குழாய் ஸ்பேசர் போடுங்கள், போல்ட்டின் நீளத்தையும் அதே அளவுக்குக் கூட்டுங்கள். 8 மி.மீ. போல்ட் என்றால் மரைக்குள் குறைந்தது 8 மி.மீ., அலுமினியத்தில் 12 மி.மீ. ஆவது இறங்கியிருக்க வேண்டும். ரொம்ப நீளமும் ஆபத்துதான், மறுபக்கம் மூடிய ஓட்டையில் நுனி அடியில் முட்டி நிற்கும், ஸ்பேனருக்கு இறுகியது போலத் தெரியும், பொருள் ஆடிக்கொண்டிருக்கும்.

மரையும் அப்படித்தான். 10 மி.மீ. போல்ட்டிலேயே 1.25 மி.மீ., 1.5 மி.மீ. என்று இரண்டு மரை அளவு (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) புழக்கத்தில் இருக்கிறது, மாறிப்போனால் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போய் இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் மரை போச்சு. யமஹா பைக்குகள் பலவற்றில் வலதுபக்கக் கண்ணாடிக்கு எதிர் மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, எல்லாம் மாட்டியாயிற்று, அழகாகவும் இருக்கிறது. ஆனால் ஸ்டாண்டில் நிற்கும் பைக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள், ஹேண்ட்கார்டு விண்ட்ஷீல்டில் முட்டுகிறதா, டேங்குக்கும் பாருக்கும் நடுவே விரல் நசுங்குமா என்று தெரிந்துவிடும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போதும் நியூட்ரலில் வைத்துத் திருப்புங்கள், சத்தம் ஏறினால் ரைசர் ஆக்சிலரேட்டர் கேபிளை இழுக்கிறது என்று அர்த்தம். பிரேக் ஹோஸ் விறைத்து நின்றால் ஒன்று நீளமான ஹோஸ், இல்லையென்றால் ரைசரைக் கழற்றுவது, மூன்றாவது வழி கிடையாது. பின்பக்கத்தை இரண்டு பேர் உட்கார்ந்து அமுக்கிப் பாருங்கள், பெரிய டயர் மட்கார்டில் உரசுவதும் பை சைலன்சரில் படுவதும் அப்போதுதான் வெளிவரும்.

எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஆக்சஸரியின் பிராக்கெட்டை வெட்டி, வெட்டிய இடத்துக்கு பெயின்ட் அடியுங்கள். ஃபிரேம், ஃபோர்க், பிரேக் சம்பந்தப்பட்ட எதிலும் கிரைண்டர் படவே கூடாது.

இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் அந்தக் கோடு உடைந்து விலகியிருந்தால், எது கழன்று வருகிறது என்பது ஸ்பேனரை எடுக்காமலே தெரியும்.