சாப்ட்வேருக்குப் போட்ட பணம் திரும்புகிறதா? கணக்குப் பார்ப்பது இப்படித்தான்

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் யூனிட் நடத்துகிறவர்கள் ஸ்டாக் சாப்ட்வேர் வாங்கலாமா என்று யோசித்தால், விலை பேசுவதற்கு முன்பே இன்றைய நிலவரத்தை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். வாங்கிய பிறகு பழைய நிலவரம் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது.

அப்பரில் பெரிய செலவு தோல்தான், அதனால் அதையே பிடியுங்கள். ஸ்டைல் வாரியாக, கட்டிங்குக்குக் கொடுத்த தோல் எத்தனை சதுர அடி, வந்தது எத்தனை ஜோடி, அவ்வளவு போதும். கிரேடையும் பக்கத்திலேயே குறியுங்கள், ஏனென்றால் நல்ல கிரேடு தோல் வந்த மாதம் கழிவு தானாகவே குறையும், அந்தப் பெயர் சாப்ட்வேருக்குப் போய்விடக் கூடாது.

அப்புறம் கணக்கு. மாதம் 10,000 ஜோடி, ஜோடிக்கு 2 சதுர அடி, அடி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீதம் மிச்சமானால் 400 சதுர அடி, அதாவது 40,000 ரூபாய். சாப்ட்வேர் 3 லட்சம் என்றால் ஏழரை மாதத்தில் போட்டது வந்துவிடும் போலத் தெரியும். ஆனால் என்ட்ரி போடும் ஆளுக்கு மாதம் 15,000, பராமரிப்புக்கு 5,000 கழித்தால் கையில் நிற்பது 20,000 தான், ஆக 15 மாதம் ஆகும். இந்த இரண்டாவது கணக்கைப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சூப்பர்வைசருக்குத் தினம் ஒரு மணி நேரம் மிச்சம் என்பார்கள். சரி, அவர் சம்பளம் குறையப் போவதில்லையே. ஓவர்டைம் குறைந்தால் மட்டும் அதை ரூபாயாக எழுதுங்கள். வருட டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம், அந்தச் செலவைத் தனியாக வையுங்கள், அதில் லாபம் தேட வேண்டியதில்லை.

முதல் சில மாதம் எதுவும் தெரியாவிட்டால் பதற வேண்டாம். கம்ப்யூட்டர் யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987-லேயே எழுதினார். வேலை செய்யும் முறை மாறாமல் பலன் வராது. கட்டிங் மேஜையில் துண்டுச்சீட்டில் எழுதி, சாயங்காலம் மொத்தமாக என்ட்ரி போட்டால் தோல் வீணானது மறுநாள்தான் தெரியவரும், அதற்குள் அந்த லாட்டே முடிந்திருக்கும். தோலை எடுத்துக் கொடுக்கும்போதே என்ட்ரி விழ வேண்டும். அது நடக்கத் தொடங்கிய மாதத்திலிருந்து மிச்சத்தை எண்ணுங்கள், அதுவரை ஆன மாதாந்திரச் செலவை அந்த 3 லட்சத்தோடு சேர்த்துவிடுங்கள்.