தனுஷ்கோடில பூநாரையப் படம் எடுக்கப் போறீங்களா, முதல்ல காத்தப் பாருங்க

மலைக்காட்டுக்குப் போயி வரையாடு எடுக்குறவங்களுக்கு ஒதுங்க ஒரு மர நிழலாச்சும் இருக்கும், நம்ம ராம்நாடு கடற்கரைல அதுவும் கெடையாது, வெயிலு உப்பு மணலு மூணும் சேந்து கேமராவப் பாடாப்படுத்திரும். ஆனா வாடைக்காத்து மாசத்துல கோதண்டராமர் கோயில் பக்கத்து தண்ணில பூநாரை (ஃப்ளமிங்கோ) வந்து எறங்கிருச்சுன்னா இதெல்லாம் பெருசாவே தெரியாது.

லென்ஸ் பத்தி அப்புறம் பேசலாம், காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு பாருங்க மொதல்ல. பறவை காத்துக்கு எதிராத்தான் மூஞ்சிய வச்சு நிக்கும், கெளம்புறதும் எறங்குறதும் அப்டித்தான். வாடை வடகிழக்குலேந்து வரும், காலைல சூரியனும் கிழக்க, அதனால பறவைக் கூட்டத்தத் தாண்டி, ரோடு முடியுற அரிச்சல்முனை பக்கமா கொஞ்சம் போயி ரோட்டோரமாவே நின்னு திரும்பி மேற்க பாத்து எடுங்க, வெளிச்சம் உங்க முதுகுல இருக்கும், பறவையோட கண்ணு தெரியும். நெறய பேரு வண்டிய நிறுத்துன எடத்துலயே நின்னு சூரியனுக்கு எதிரா எடுத்துட்டு கேமராவத் திட்டுறாங்க.

பூநாரை மேயும்போது தலையத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டுருக்கும், வெறும் முதுகுதான் கெடைக்கும். பொறுங்க, ஒரு செகண்ட் தலையத் தூக்கும், வளைஞ்ச அலகோட கருப்பு நுனிலேந்து தண்ணி சொட்டும், அதான் படம். சாம்பக்கலர்ல இருக்குறதெல்லாம் வேற பறவைன்னு விட்றாதீங்க, அது எளம் பூநாரை. நிக்கிறதுக்கு ஐநூறுல ஒரு பங்கு செகண்ட் ஷட்டர் போதும், பறக்குறதுக்கு ரெண்டாயிரத்துல ஒரு பங்கு வைங்க, எறக்கைய விரிச்சா உள்ள இருக்குற செவப்பும் கருப்பும் அப்பத்தான் கூர்மையா விழும். பின்னாடி வெள்ளை மணல் இருந்தா எக்ஸ்போஷர் (படத்துல விழுற வெளிச்சம்) கொஞ்சம் ப்ளஸ், இருட்டுத் தண்ணி இருந்தா மைனஸ், இல்லன்னா வெள்ளை எறகு சுண்ணாம்பு அடிச்ச செவரு மாதிரி ஆயிரும். ஒம்பது பத்து மணிக்கு மேல கானல் ஏறிரும், எத்தன லட்சத்து லென்ஸா இருந்தாலும் படம் நெளியத்தான் செய்யும், மூட்டையக் கட்டிருங்க.

கிட்ட போகணும்னு சேத்துல எறங்காதீங்க, காலு பொதைஞ்சுரும். மேய்ச்சல விட்டுட்டு எல்லாம் ஒண்ணா தலையத் தூக்கி ஒரே பக்கமா நடக்க ஆரம்பிச்சா பயந்துருச்சுன்னு அர்த்தம், அங்கயே நின்னுருங்க. கல்லெறிஞ்சு பறக்கவிட்டு எடுக்குற ஆளுங்களும் இருக்காங்க, அதுக்கெல்லாம் லைக் போடாதீங்க. 2025 ஜூன்ல இந்த எடத்த பூநாரை சரணாலயமாவே அறிவிச்சாச்சு, ட்ரோன வீட்லயே வச்சுட்டு வாங்க.

கடற்கரைல லென்ஸ் மாத்தவே மாத்தாதீங்க, பையையும் மணல்ல வைக்காதீங்க. ரூமுக்கு வந்ததும் மொதல்ல ப்ளோயரால மணல ஊதிட்டு, அப்புறம் நல்ல தண்ணில நனைச்சு இறுக்கிப் பிழிஞ்ச துணியால கேமரா பாடியத் தொடைங்க, மணலோட தொடச்சா கண்ணாடில கோடு விழுந்துரும். ட்ரைபாட் காலயும் கழுவிருங்க, உப்பு நின்னா திருகு இறுகிக்கும்.

பூநாரை அமையலன்னா கவலப்படாதீங்க, சக்கரக்கோட்டை, தேர்தங்கால் கண்மாய்ப் பக்கம் போயிப் பாருங்க, இல்ல காரங்காட்டுல வனத்துறை படகுல ஏறுனா அலையாத்திக் காட்டுக்குள்ளயே கூட்டிப்போவாங்க, படகு ஆடும், அங்க மட்டும் ட்ரைபாட் வேண்டாம்.